காம்பவுண்டுச் சுவரில் ஒரு டம்ளர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கையில் காலில் அடிபட்டால் மருந்துக்கு ஓடுகிற பழக்கம் கிடையாது. உப்புப் பாத்தித் தண்ணீரிலேயே அப்படியே முக்குவார்கள். உயிர் போகிற மாதிரி எரியும். எரிந்தால் புண் இன்னும் இருக்கிறது, எரிச்சல் நின்றால் ஆறிவிட்டது. அவ்வளவுதான் வைத்தியம். தனக்கோடி இருபது வருஷம் அதை நம்பித்தான் உப்பு வாரினாள். ஒரு குறையும் வந்ததில்லை.

மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இருக்காது. புருஷன் போன பிறகு அந்த மாதங்களை ஒண்டியாகத் தள்ள முடியாமல், நாற்பத்தெட்டு வயதில் குப்பை வண்டிக்கு வந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஆசிரியர் நகர். பஸ் நிறுத்தத்தை ஒட்டி அறுபது வீடு, எல்லாம் மாடி வீடு, படித்த ஜனம். பச்சை டப்பாவில் மக்குகிறது, நீல டப்பாவில் மக்காதது என்று வண்டியிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்கத்தான் அந்தப் படித்த ஜனத்துக்கு நேரமில்லை. சாம்பார் மிச்சம், பால் கவர், குழந்தையின் டயப்பர் எல்லாவற்றையும் ஒரே கறுப்பு கவரில் திணித்து, இறுக்கி முடிச்சுப் போட்டு நீட்டும். தெருக்கோடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, கையை விட்டுப் பிரிப்பாள் தனக்கோடி.

ஆனாலும் அவள் லேசில் விடுகிற ஆளில்லை. முதல் வருஷம் கெஞ்சினாள். அடுத்த வருஷம் சண்டை போட்டாள். மூன்றாம் வருஷம் கீரைத்தண்டு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று ஏதோ வர ஆரம்பித்தது. கண்ணாடி விஷயத்தில் மட்டும் ஒருவரும் அசையவில்லை.

"பல்பு, பாட்டிலு, எது ஒடைஞ்சாலும் பேப்பர்ல சுத்தித் தனியா குடுங்கம்மா. கைய வுட்டுத்தான் பிரிக்கிறேன். இந்தக் கையத் தவிர எனக்கு வேற இன்னா இருக்குது?" என்று வீட்டுக்கு வீடு தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னாள்.

"சரிம்மா, சரிம்மா" என்று கேட்டைச் சாத்துவார்கள்.

கிளவுஸ் கொடுக்காமல் இல்லை. அதைப் போட்டால் முடிச்சு அவிழாது. மேற்பார்வைக்கு வரும் பக்தவச்சலத்தின் வண்டிச் சத்தம் கேட்டால் மாட்டிக்கொள்வாள், அவர் திரும்பியதும் கழற்றிவிடுவாள். பொய் சொல்வானேன், அது அவள் தப்புதான்.

அந்தத் தெருவிலேயே தங்கமானவள் என்றால் அஸ்வினி டீச்சர். தினமும் காலையில் தனக்கோடிக்கு டீ கொடுப்பாள். அதற்கென்று நீலப் பூப்போட்ட கண்ணாடி டம்ளர் ஒன்று காம்பவுண்டுச் சுவரில் கவிழ்ந்திருக்கும். அது வீட்டுக்குள் போகாது. குடித்துவிட்டுத் தனக்கோடியே வெளிக்குழாயில் கழுவி, இருந்த இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அவளுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் வெறும் வயிற்றோடு வந்தவளுக்கு அந்தச் சூடு தேவையாக இருந்தது.

ஒரு நாள் சுவரில் டம்ளரைக் காணோம்.

"காக்கா தள்ளி வுட்டுடுச்சும்மா. வேற வாங்கி வைக்கிறேன்" என்று சொல்லிக் குப்பைக் கவரை நீட்டினாள் டீச்சர்.

தெருக்கோடியில் அந்தக் கவரை அவிழ்த்துக் கையை விட்டாள் தனக்கோடி. வெளியே எடுத்தபோது டீத்தூளோடு ரத்தமும் வந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு சில்லு நீலப் பூவோடு குத்தி நின்றது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? அவள் வாய் பட்ட டம்ளரை மூன்று வருஷம் தனியாக வைக்கத் தெரிந்த வீடு, அது உடைந்த அன்றைக்கு மட்டும் எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டுவிட்டது.

வீட்டுக்குப் போனதும் ஒரு கை உப்பைக் கரைத்து விரலை முக்கினாள். எரியவில்லை. மறுநாளும் முக்கினாள், எரியவில்லை. ஆறிவிட்டது என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. விரல் மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளோ உப்பில் காய்ந்த தோல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் பக்தவச்சலம்தான் பார்த்துப் பதறினார்.

"ஏம்மா தனக்கோடி, இன்னா வெரலு இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

"எரியவே இல்ல சார். ஆறிடுச்சு."

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். இனி வண்டி தள்ள முடியாது. உப்பு வாரும் பலகையையும் பிடிக்க முடியாது. ஐம்பத்தோரு வயதில், பிடிப்பில்லாத ஒரு கையோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சேதி தெரிந்து தெருவே ஆடிப்போய்விட்டது. யார் வீட்டுக் கண்ணாடி என்று தனக்கோடி ஒருவரிடமும் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு வீடும் நம்முடையதாக இருக்குமோ என்று பயந்தது. அடுத்த வாரமே அறுபது வீட்டிலும் கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி நூல் போட்டுக் கட்டினார்கள். அஸ்வினி டீச்சர் சிவப்பு ஸ்கெட்ச்சால் 'கண்ணாடி' என்று மேலே எழுதியே கொடுத்தாள். மூன்று வருஷம் கத்தியதைக் கேட்காத ஜனம், இரண்டு விரல் போனதும் கேட்டுக்கொண்டது. நினைத்தால் வயிறு எரிகிறது.

கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் தனக்கோடி ஆசிரியர் நகர் நிறுத்தத்தில்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் அவள் தள்ளிய குப்பை வண்டி அங்கே வந்து நின்றது. தள்ளி வந்தவள் புதுசு, வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ரேகா. தனக்கோடியை அவளுக்குத் தெரியாது.

"கையில இன்னாக்கா கட்டு?"

"சக்கரை. எடுத்துட்டாங்க" என்றாள் தனக்கோடி. "தெருவுல குப்பைய எப்படிக் குடுக்கறாங்க?"

"தங்கமான ஜனங்கக்கா. நான் வாயே தொறக்கல, அவங்களே கண்ணாடியத் தனியா கட்டிக் குடுத்துடறாங்க. அந்த டீச்சரம்மா தெனம் டீ வேற குடுப்பாங்க. எனக்குன்னே தனியா டம்ளர் வாங்கி வச்சிருக்காங்கன்னா பாத்துக்கங்களேன்!"

தனக்கோடி திரும்பிப் பார்த்தாள். காம்பவுண்டுச் சுவரில் வெயில் பட்டுக் கவிழ்ந்திருந்தது, பூப்போட்ட கண்ணாடி டம்ளர்.

ரேகாவின் கையைப் பார்த்தாள். வெறுங்கை.

"கிளவுஸ் போட்டுக்கடி."

"அதப் போட்டா முடிச்சு அவுக்க வரலியேக்கா" என்று சிரித்தாள் ரேகா.

அதற்குள் புதுச்சேரி பஸ் வந்துவிட்டது. தனக்கோடி இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள்.