தேவயானி டீச்சரின் குரல்

பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தேவயானி டீச்சரின் அதட்டலுக்கு நடுங்காத பிள்ளை கிடையாது. வகுப்புக்கு டேப்லெட் வந்தபோது, அதில் பேசிய பட்டணத்துத் தமிழ் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பாடத்தையும் தன் குரலிலேயே பதிவு செய்தார். மழைப் பாடத்தின் நடுவே ஒருவன் வேடிக்கை பார்க்க, "ஏலே, சன்னலுக்கு வெளிய என்ன பார்வ?" என்று அவர் கத்தியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பிள்ளைகள் ரசித்ததால் அழிக்காமல் விட்டார்.

போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். குரல் போயே போய்விட்டது. இப்போது டேப்லெட் பேசுகிறது. டீச்சர் கரும்பலகையில் எழுதுவதோடு சரி.

திங்கட்கிழமை மழைப் பாடம். அந்த அதட்டல் வந்த நேரம், வகுப்பே சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே திராட்சைப் பந்தல் மட்டும்தான், ஆளில்லை. டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டேப்லெட்டை அவரே நிறுத்தினார். ஆனால் ஒரு முகமும் திரும்பவில்லை.

"அங்கே என்ன?" என்று பலகையில் எழுதி, ஸ்கேலால் ஓங்கித் தட்டினார்.

திரிஷா எழுந்தாள். "பந்தலுக்குள்ள நின்னு எங்களக் கூப்பிடுறீகளே டீச்சர். நாங்க அங்கன வரவா?"

வேண்டாம் என்று அலற டீச்சர் வாயைத் திறந்தார். அலறல் பந்தலுக்குள்ளிருந்து கேட்டது.