கைப்பிடி வைத்த பாலம்

பொறியியல் என்றால் என்னவென்று எனக்கு முதன்முதலில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமும் ரோடும் ஓடைக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில் ஒற்றை மரக்கட்டை கிடந்தது. வெயில் நாளில் அதில் ஓடியே போய்விடுவோம். மழை பெய்தால் பாசி வழுக்கும். உட்கார்ந்து நகர்ந்துதான் கடக்க வேண்டும். முதலாம் ஆண்டில் படித்த என் தங்கச்சி ஒருநாள் அதிலிருந்து ஓடையில் விழுந்துவிட்டாள். கொழுந்துச் சாக்கோடு பின்னால் வந்த பெரியப்பா சாக்கைப் போட்டுவிட்டுக் குதித்துத் தூக்கினார். அதன் பிறகு மழை நாட்களில் அவள் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேன் என்று அழுவாள்.

அந்த வருடம்தான் கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் சாரும் இரண்டு அக்காமாரும் வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறியியலை அறிமுகம் செய்கிறார்களாம். வேனை ரோட்டில் விட்டுவிட்டு அவர்களும் அதே கட்டையில்தான் வந்தார்கள். சார் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கடவுளைக் கூப்பிட்டபடி கடந்ததை நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

"ஊருக்கு என்ன தேவையோ அதைச் செய்து குடுக்கிறவர்தான் எஞ்சினியர். உங்க ஊருக்கு என்ன தேவை?" என்று சார் கேட்டார்.

"பாலம் சார்!" என்று வகுப்பே கத்தியது.

அவர் சிரித்துக்கொண்டே கரும்பலகையில் 'பாலம்' என்று எழுதினார். ஆளுக்கு ஒரு கட்டு ஐஸ்பழக் குச்சியும் ஒரு போத்தல் பசையும் கிடைத்தன. அடுத்த மாதம் வந்து ஆகச் சிறந்த பாலத்தைத் தெரிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு இதில் என்ன விளங்கும்? தெரிவாகும் பாலத்தை ஓடையில் கட்டப்போகிறார்கள் என்றுதான் விளங்கியது. வகுப்பில் ஒருவருக்குக்கூட வேறு மாதிரி தோன்றவில்லை. லயத்திலும் அதே பேச்சுத்தான்.

மலையிலிருந்து வந்த அம்மா, கூடையைக்கூட இறக்காமல் நான் சொன்னதைக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் கைப்பிடி வையி. பாப்பா புடிக்கிற ஒசரத்துக்கு வையி" என்றாள்.

பழைய சாக்கிலிருந்து நூல் உருவித் தந்தாள். தங்கச்சியை நிற்க வைத்து, அவள் கை எட்டும் உயரத்தை அளந்து, அதைக் குச்சிப் பாலத்துக்கு ஏற்றபடி குறைத்துக் கைப்பிடி கட்டினேன். அது பொறியியல் இல்லையென்றால் வேறெது பொறியியல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

போட்டியன்று ஒவ்வொரு பாலத்தின் மேலும் நாங்கள் எழுதும் கொப்பிகளை அடுக்கிப் பார்த்தார்கள். மற்றவை பத்து, பன்னிரண்டில் நொறுங்கின. என்னுடையது பதினெட்டுக் கொப்பிகளைத் தாங்கியது. அப்போதுதான் சார் நூலைக் கவனித்தார்.

"இது நாங்க குடுத்த பொருள் இல்லையே. விதிப்படி குச்சியும் பசையும் மட்டும்தான் பாவிக்கலாம்" என்று சொல்லி என் பாலத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். என் வகுப்புப் பையன் ஒருவனின் கைப்பிடி இல்லாத மொட்டைப் பாலம் முதலாவதாக வந்தது. அதற்கு ஒரு பென்சில் பெட்டி.

எனக்குப் பெட்டி ஒன்றும் பெரிதில்லை. "கைப்பிடி இல்லாம கட்டினா எங்க பாப்பா விழுந்துருவா சார்! அத கட்டாதீங்க!" என்று உட்கார்ந்திருந்த வாங்கில் ஏறி நின்று கத்தினேன்.

அக்காமார் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "பிள்ளைக்கு நல்ல கற்பனை" என்றார். பள்ளிக்கூட அதிபர் என்னைக் கீழே இறக்கி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. எல்லாரையும் அவர்கள் கொண்டுவந்த பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தபோது என்னை மட்டும் கடைசி வரிசையில் வைத்தார்கள். அதன் பிறகு விருந்தாளிகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கட்டையைக் கடந்து போனார்கள்.

"எந்தப் பாலத்த எடுத்தாங்க?" என்று அம்மா சாயங்காலம் கேட்டாள்.

நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரி விடு. மொதல்ல அவங்க கட்டட்டும். கைப்பிடிய நம்ம அப்பா போட்டுக் குடுப்பாரு" என்றாள்.

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. இவ்வளவு லேசாகவா விட்டுக்கொடுப்பது? அந்த மழைக்காலம் முழுக்கத் தங்கச்சியைப் பிடித்துக் கட்டையில் நகர்த்திக்கொண்டே, பாலம் கட்ட வருகிறவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து வைத்தேன். கைப்பிடி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க விடக்கூடாது என்பது என் முடிவு. சண்டை பிடிக்கக்கூட ஒருவரும் வரப்போவதில்லை என்பது அம்மாவுக்கு அன்று சாயங்காலமே விளங்கிவிட்டிருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லை.