தகரத்தில் விழுந்த சாரல்

இன்று பள்ளி விட்டதும் சாரலுக்கு சைக்கிள் ஷெட்டில் ஒதுங்கினேன். நனைந்த தகரத்தின் துரு வாசம் மூக்கில் ஏற, ஐந்தருவிச் சாலையோரம் நான் மூன்றாம் வகுப்பு படித்த தகரக் கொட்டகை, இப்போது ஏதோ ஒரு லாட்ஜின் கார்கள் நிற்கும் இடம், கண்முன் எழுந்து நின்றது.

அங்கே புதிதாக வந்த டீச்சருக்குக் குரல் ரொம்பச் சின்னது. கடைசி பெஞ்சுக்கு எட்டாது. "சத்தமா பேச வராதுன்னா எதுக்கு இந்த வேலைக்கு வருதீங்க?" என்று ஹெட்மாஸ்டர் எங்கள் முன்னாலேயே கேட்டார். டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பாடத்தைப் போர்டில் எழுதத் தொடங்கினார்.

ஆனியில் சாரல் இறங்கியதும் தகரம் போட்ட இரைச்சலில், அதே கொட்டகையில் அடுத்த வகுப்புக்குப் பாடம் எடுத்த ஹெட்மாஸ்டரின் குரலே அமுங்கிப்போனது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட, டீச்சர் ஈரச் சேலையை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து, ஒவ்வொருவர் காதிலும் பாடத்தைச் சொல்லி, பிறகு தன் காதை எங்கள் வாயருகே வைத்துக் காத்திருப்பார். வாயே திறக்காத பிள்ளைகளும் அந்தக் காதுக்குள் வாய்ப்பாடு சொன்னார்கள். சாரல் விடவே கூடாது என்று நாங்கள் வேண்டிக்கொள்வோம்.

நானும் இப்போது டீச்சர்தான். பயிற்சிக் காலத்திலேயே எல்லாரும் மெச்சிய குரல் எனக்கு. மைதானம் வரை கேட்கும். ஷெட்டில் என் பக்கத்தில், பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத கனி நின்றாள். அவள் உதடு அசைந்தது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னட்டி?" என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீங்க கத்துதீங்கல்லா டீச்சர், அதான் பயமா இருக்கு."