கயிறு பிடிக்க ஒரு ஆள்

கயிறில்லாமல் தாழ்ந்த பாறைகளில் ஏறுவதில் நான் கெட்டி. ஐந்தாறு அசைவு, அரை நிமிடம், இருக்கிற பலத்தையெல்லாம் விரல் நுனியில் கொட்டிவிட வேண்டும். தவறினால் கீழே விரித்த மெத்தையில் விழுந்து சிரிக்கலாம். பொறுமை என்பதே இல்லாத எனக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது.

கயிறு கட்டி ஏறுவது வேறு. முன்கை மெல்ல மெல்ல இறுகும். நடுவழியில் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறி, மூச்சு வாங்கி, மறுபடி பிடிக்கத் தெரிய வேண்டும். கயிற்றை மாட்டிய, பாறையில் அடித்த போல்ட் காலுக்குக் கீழே போகப் போக, விழப்போகிற தூரத்தை மனசு அளந்துகொண்டே இருக்கும். உடம்புக்கு முன்னால் மனசுதான் கைவிடும்.

குண்டடம் தாண்டி ஒரு கரட்டில் நெட்டுக்குத்தாக ஒரு பாறைச் சுவர். அதை உச்சிவரை ஏறிவிடுவதுதான் இந்த வருடம் முழுக்க என் வெறி. கீழே கயிறு பிடித்தவன் என் கல்லூரி நண்பன். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். என் அப்பாவின் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் அவனுக்கு வேலை. நான் பாதியில் உறைந்து நின்றால் கத்துவான்.

"ஏல, பாறைய நெரிச்சுக் கொல்லாத! அது எங்கயும் ஓடிப்போவாது. நீ விழுந்தா நான் பிடிப்பேம்லா?"

ஒருநாள் வேண்டுமென்றே கையை விட்டேன். பிடித்தான். அதற்கப்புறம்தான் என் விரல்கள் இளகின.

உச்சிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. கூடுதலாகச் சில பட்டைகள் தேவைப்பட்டன. போல்ட்டில் மாட்டும் கொக்கியையும் கயிறு ஓடும் கொக்கியையும் இணைக்கிற, தடித்த தையல் போட்ட சின்னப் பட்டை. விழும்போது உயிர் அதில்தான் தொங்கும். என்னிடமிருந்த ஒன்றை அப்பா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போயி வெளிய வாங்கறயா கண்ணு? உலகத்துக்கே தெச்சு அனுப்பறவங்க நாம."

அந்த வாரமே ஆரஞ்சு நிறத்தில் தைத்துவிட்டார். அச்சு அசல். ஓரத்தில் கம்பெனி லேபிள்கூட இருந்தது. கம்பெனியில் எல்லோர் முன்னாலும் நண்பனிடம் கொடுத்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம இதுலயே ஏறோணுங்க. ஒரு போட்டோ எடுங்க, வெளிநாட்டு பையருக்குக் காட்டலாம்."

"சரிங்க மொதலாளி" என்றான். வேறென்ன சொல்வான்?

இந்தத் தையல் ஆளைத் தாங்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. எனவே மதியம் கட்டிங் ஹாலின் இரும்பு உத்தரத்தில் ஒரு பட்டையை மாட்டி, அதிலிருந்து ஒரு துணி ரோலைக் கயிற்றில் கட்டித் தூக்கி, கையை விட்டேன். தையல் வரிவரியாகப் பிரிந்தது. ரோல் தரையில் மோதிய சத்தத்துக்கு எல்லோரும் டிபன் பாக்ஸோடு எட்டிப் பார்த்தார்கள். அப்பாவும்.

"ரோலு வெயிட்டு ஜாஸ்தி" என்றார்.

"நான் அதைவிட வெயிட்டுப்பா."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. என் நண்பனைப் பார்த்தார்.

"எம்பையனுக்கு இந்த யோசனையெல்லாம் வராதுங்க. ஆரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கு வேலை. ஷிப்மெண்ட் இல்லாத ஞாயிறுகளிலும். சாம்பிள் பிரிவுக்குப் போய், அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். நிமிராமலே சொன்னான்.

"வேண்டாம் சார். உங்களுக்குப் போனா ஒரு பாறை. எனக்கு வேலைல்லா போவும்."

சார். கீழே நின்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டியவன்.

அப்படியும் அப்பாவிடம் கேட்டேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கயிறு பிடிக்க ஆளுதான வேணும்? பேக்கிங்ல இருந்து ஒருத்தர அனுப்பறேன் போ."

அனுப்பியும்விட்டார். ஞாயிறு காலை வாசலில் பீகார்க்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றேன்.

"மொதலாளி கேக்கும் சார்."

வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நெட்டுச் சுவரின் பக்கம் திரும்பவேயில்லை. அடிவாரத்துச் சின்னப் பாறைகளிலேயே பகல் முழுக்க ஏறி ஏறி விழுந்தேன். நான் விழும் ஒவ்வொரு தடவையும் அவர் பதறி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.