ஒரு சாண் பட்டும் பன்னிரண்டு மைலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டில் அண்ணன், நான், என் மனைவி. தறி இரண்டு. எனக்கு ஓட்டத்தில் பைத்தியம்.

பட்டு நெய்கிறவனுக்கு ஓட்டம் எதற்கு என்று தெருவே கேட்டது. நாள் முழுக்கத் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் ஓட வேண்டும் போலிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

தை மாதத்தில் எங்கள் ஊரில் ஓர் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். தாலுகா கச்சேரி வாசலில் கிளம்பிக் கூரம் போய்த் திரும்ப வேண்டும். பன்னிரண்டு மைல். முதல் தடவை எனக்கு ஒரு மணி ஐம்பத்தோரு நிமிஷம் ஆயிற்று. கடைசியிலிருந்து எண்ணினால் என்னைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. காலை வெளிச்சம்தான் தறிக்கு நல்ல வெளிச்சம். அதை நான் ரோட்டில் கொட்டுகிறேன் என்பது அவர் கட்சி. நியாயம்தான். "வர்ற தையில இதவிட சீக்கிரமா வந்துட்டியா, ஓடிக்கினே இரு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். இல்லன்னா காலைல ஒழுங்கா தறியில குந்து" என்றார். ரோஷத்தில் சரி என்றேன்.

அந்தக் காலைகள் என்னுடையவை மட்டுமல்ல. எங்கள் தெருப் பெண்கள் இழை சுற்றுவார்கள், அறுந்ததை முடிவார்கள். தறியில் உட்காருகிறவர்கள் குறைவு. என் மனைவிக்கு நெய்யக் கற்றுக்கொள்ள ஆசை. என் தறி காலியாக இருப்பதோ நான் ஓடப் போகும் நேரத்தில் மட்டும். அந்த வருஷம் எனக்குக் கிடைத்ததெல்லாம் கரையில்லாத பாவாடைத் துணி. கை பழக ஏற்றது. அதனால் நான் வாசலைத் தாண்டியதும் அவள் குழியில் இறங்கிவிடுவாள். நான் ஓட்டத்தை விட்டால் அவளுக்கும் தறி இல்லை.

சரி, ஓடுகிறேன். சீக்கிரமாக ஓடுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் தெருவிலேயே கடிகாரம் இருந்தது ஒரு ஜவுளிக்காரர் வீட்டில்தான். விடியற்காலையில் அவர் கதவைத் தட்டி மணி கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் கிளம்பும்போது, அதுவரை நெய்த துணியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் நூலை முடிந்துவிடுவேன். கூரம் போய்த் திரும்பி வாசற்படி மிதித்ததும் அவள் நிறுத்த வேண்டும். அங்கே இன்னொரு மஞ்சள் நூல். நடுவில் எவ்வளவு நெய்திருக்கிறாள் என்று சாண் போட்டுப் பார்ப்பேன். முதல் நாள் சரியாக ஒரு சாண். இனி அது குறையக் குறைய என் ஓட்டம் தேறுகிறது என்று அர்த்தம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு சாண். புரட்டாசியில் ஒரு சாண். மழை விட்ட நாளாகப் பார்த்து ஐப்பசியில் ஓடினேன், ஒரு சாண். மார்கழிப் பனியில் உயிரைக் கொடுத்து ஓடி வந்து பார்த்தால் ஒரு சாணுக்கு மேல் ஒரு விரற்கடை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "நான் போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டியா?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"நீங்க முனை திரும்பினப்புறம்தான் தறி நாடாவையே தொட்டேன்" என்றாள். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் போட்ட சோற்றை மட்டும் தின்றேன்.

அண்ணன் விடுவாரா? "செக்குமாடு கூடத்தான் தெனம் பத்து மைலு நடக்குது. நின்ன எடத்துலதான நிக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க அவளும் சோர்ந்து போனாள். "எனக்குக் கை வராதுபோல இருக்குது. பொங்கலோட விட்டுடறேன். இழை சுத்தறதே போதும்" என்றாள். நான் தோற்கப் போவதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

பந்தயத்தன்று கச்சேரி வாசலில் வெடி போட்டார்கள். பட்டணத்திலிருந்து வந்த கான்வாஸ் ஷூக்காரர்கள், போலீஸ்காரர்கள், என்னைப் போல வெறுங்காலோடு சிலர். இதுதான் கடைசி ஓட்டம் என்று நினைத்தபடியே ஓடினேன். கூரம் எல்லையில் மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் ஒவ்வொருவராக என் பின்னால் போனார்கள். பாவம், இவர்களுக்கு இன்று என்ன கேடு என்றுதான் நினைத்தேன். நான் வேகமாக ஓடுகிறேன் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஐந்து மாதமாக ஒரு சாண் சொன்னதை வேதமாக நம்பிக்கொண்டிருந்தேனே!

ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணில் பட்டபோது தொடை இரண்டும் கல்லாக இறுகின. நிற்கலாமா என்றுகூட எண்ணம் வந்துவிட்டது. நாளைக் காலை அவள் இழை சுற்ற உட்காருவாள், நான் குழியில் இறங்குவேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினேன். வியர்வையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தேன். கையில் கடிகாரத்தோடு நின்ற டிரில் மாஸ்டர் குனிந்து, "ஒன்று முப்பத்தாறு" என்றார்.

"கடியாரம் நின்னுப்போச்சா சார்?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பார்க்க வந்திருந்த அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் ஏழாவது. பரிசு கிடையாது. வீட்டுக்கு நொண்டி நொண்டி வந்தபோது அவள் வாசலில் நீராகாரச் சொம்போடு நின்றாள். "இன்னா ஆச்சு?" என்றாள். நேரே தறிக்குப் போனேன். நெய்த துணி சுற்றியிருந்த மரத்தைப் பிரித்து உருட்டினேன். மஞ்சள் நூல்கள் ஜோடி ஜோடியாக வந்தன. எல்லா ஜோடிக்கும் நடுவில் அதே ஒரு சாண். உள்ளே இருந்த பழைய சாணில் ஓரம் கோணிக்கொண்டு, இழை அங்கங்கே தொங்கியிருந்தது. முந்தாநாள் நெய்த சாணில் ஓரம் கோடு போட்டதுபோல் இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆவணியில் நான் திரும்பி வரும்போது, தறிப் பலகை அடிக்கும் சத்தம் தெருமுனையில் விட்டு விட்டுக் கேட்கும். மார்கழியில் அது நிற்காமல் கேட்டது. காதில் விழுந்தும் புத்தியில் ஏறவில்லை. என் ஓட்டம் மட்டும்தான் மாறும், அவள் கை மாறாது என்று நான் எப்படி முடிவுகட்டினேன்?

"கால் மணி நேரம் கொறைஞ்சிருக்குது. ஒரு சாண் மட்டும் கொறையல" என்றேன்.

அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அப்படின்னா நானும் சீக்கிரமாதான் நெய்யறேனா? நீங்க எப்பவும்போல போய்ட்டு வர்றீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

அவளும் என்னையே கடிகாரமாக வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஐந்து மாதம் ஒருவரை வைத்து ஒருவர் அளந்து, இரண்டு பேருமே உருப்படவில்லை என்று முடிவுக்கு வந்திருந்தோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு விரற்கடைக்காக.

பின்னாலேயே வந்த அண்ணன் துணியை விரலால் நீவிப் பார்த்தார். "அப்போ நாளைக்குக் காலைல தறியில யாரு குந்தறது?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "நான்தான் மாமா" என்றாள் அவள்.

அதன்பின் பல தை மாதங்கள் ஓடினேன். அவள், கைதேர்ந்தவர்களே நெய்யும் கோர்வைச் சேலை வரை நெய்தாள். இன்றும், எவ்வளவு பாடுபட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறோமே என்று மனம் சோரும்போது, பக்கத்தில் யார் என்னோடு ஓடி வருகிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.