அக்கா வாங்காமல் போன வீடு

எழுபதுகளின் கடைசி. திருச்சி பாலக்கரையில், ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். எனக்குத் தஞ்சாவூரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பாங்கில் கடன் தரத் தயாராக இருந்தார்கள். ஆனால் நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

எதிர்ப் போர்ஷனில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த அக்கா ஒருவர் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். வாதத்தில் ஒரு கால் விழுந்துபோன அம்மாவை வைத்துக் காப்பாற்றி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பியவர், விஷயம் கேள்விப்பட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க சார்" என்றார் அப்பாவிடம். அவ்வளவுதான்.

படித்து முடித்தேன். வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. கடனுக்குத் தவணை கட்ட ஆரம்பித்து ஏழெட்டு மாதம் இருக்கும், ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. என் நகைகளையும் கணவரின் சேமிப்பையும் போட்டும் போதாமல் கைமாற்று வாங்கினோம். அதைத் தீர்ப்பதற்காகப் படிப்புக் கடனின் தவணையை நிறுத்தி வைத்தேன்.

"பாங்க் எங்க ஓடிடப் போகுது? மெதுவா கட்டிக்கலாம்" என்றார் கணவர். எனக்கும் அது சரியென்றே பட்டது. பாங்கிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே பீரோவில் போட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்கு அக்கா வந்தார். எவர்சில்வர் குடம் ஒன்று கொடுத்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் குளியலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். "கக்கூஸும் உள்ளேயே இருக்கா? ரொம்ப வசதிம்மா" என்றார். அம்மா தனியாக இருப்பார் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

ஒரு வருஷம் கழித்துப் பாக்கியைக் கட்டப் போனேன். கிளார்க் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "பாக்கி எதுவும் இல்லையே. ஜாமீன் போட்டவங்க சம்பளத்துல மாசா மாசம் பிடிச்சு வந்துட்டிருக்கே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

அங்கிருந்து நேராகப் பாலக்கரைக்கு ஓடினேன்.

"ஏங்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"புது வீட்டுக்குப் போயிருக்கிற பொண்ணுகிட்ட எப்படிம்மா இதைப் பேசறது? கைக்குப் பணம் வந்தா நீயே கட்டிடுவேன்னு இருந்தேன்."

கட்டிலில் படுத்திருந்த அவருடைய அம்மாதான் மீதியைச் சொன்னார். "ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்து வெச்சிருந்தா. சம்பளத்துல ஏற்கெனவே பிடிப்பு இருக்குன்னு ஆபீஸ்ல வீட்டுக் கடன் கிடைக்கலை."

"சும்மா இரும்மா" என்றார் அக்கா.

அந்த வீட்டைப் போய் விசாரித்தேன். அதை வேறு யாரோ வாங்கிக் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அக்கா கட்டிய பணத்தை ஐந்து மாதத்தில் கொடுத்து முடித்தேன். அந்த மழைக்காலத்தில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு மோசமானது. தினமும் போய் ஊசி போட்டேன். ஒருநாள் நான் போனபோது, காம்பவுண்டின் கோடியில் இருந்த பொதுக் கக்கூசிலிருந்து அம்மாவைத் தாங்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி அக்கா நடந்து வந்தார். ஓடிப்போய் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன். பத்து நாளில் அந்த அம்மா போய்விட்டார்.

"இனிமே எனக்கு ஒருத்திக்கு எதுக்கும்மா வீடு?" என்றார் அக்கா. கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டார். என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இப்போதும் ஸ்ரீரங்கம் வீட்டில்தான் இருக்கிறேன். வருகிறவர்கள் நல்ல வீடு என்று சொல்லும்போதெல்லாம், இன்னொருத்திக்குக் கிடைத்திருக்க வேண்டியதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டேன் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.