நான் பாதியில் தூக்கி வந்த பூசணிக்காய்

என் மகள் லீதியாளுக்கு அப்போது ஏழு வயது. எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். இரண்டு படி ஏறிவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்துவிடுவாள். சட்டைக்கு மேலேயே நெஞ்சு அடித்துக்கொள்வது தெரியும். மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் தண்ணீர்க் குடமும் தூக்கி வருவேன், அவ்வளவுதான் அவள் கனம். நயா பைசா வந்து இரண்டு வருஷமாகியும் எங்கள் வாயில் அணாவே வந்துகொண்டிருந்த காலம் அது.

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. பேசினால் சண்டையில்தான் முடியும் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

நாங்கள் கணபதியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தங்கராஜ், பம்பு செய்கிற ஒரு பட்டறையில் இரும்பு வார்க்கும் வேலை பார்த்தார். நான் மில்லில் நூல் சிட்டம் சுற்றுகிறவள். சங்கு ஊதினால் ஓடவேண்டும், அடுத்த சங்கு ஊதும் வரை நிற்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் மூச்சைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது களைப்புத்தான். பயம்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஊர் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன இரத்தக்குழாய் இவளுக்கு இருதயத்துக்குப் பக்கத்தில் மூடாமலே நின்றுவிட்டது என்றார். ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து அதைக் கட்டிவிடுவார்களாம். தள்ளிப்போட்டால் பிள்ளை தங்காது என்றும் சொன்னார். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் இரண்டு பேரையும் விற்றாலும் போதாது. என் தோடு போயிற்று, வீட்டில் இருந்த கறவை ஆடு போயிற்று. வந்த காசு கிணற்றில் போட்ட கல் மாதிரி போன இடம் தெரியவில்லை.

முதலில் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். பிறகு உட்கார்ந்து செய்தேன். பிறகு படுத்தபடியே செய்தேன். கடைசியில் ஒரே வார்த்தைதான் மிஞ்சியது. "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாற்று. ஆனால் என்னை ஒருவர் முன்னால் கை நீட்ட வைக்காதே."

பிள்ளை சாகக் கிடக்கிறாள், இவளுக்கு ரோஷம் ஒரு கேடா என்று நீங்கள் நினைப்பீர்கள். நினையுங்கள். நான் சிறு வயதில் ஒரு போர்டிங் பள்ளியில் வளர்ந்தவள். கிறிஸ்துமஸுக்குத் துணி கொடுக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முன்னால் நிறுத்தி, கொடுத்தவருக்கு எங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். அந்தப் பாவாடையை நான் ஒருநாளும் சந்தோஷமாக உடுத்தியதில்லை.

அதனால்தான் எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கிழமை ஆராதனையில லீதியாளைப் பத்திச் சொல்லி ஒரு காணிக்கை எடுக்கலாமுங்களா?" என்று கேட்டபோது நான் குதித்தேன்.

"என்ற புள்ளையைச் சபை முன்னால நிறுத்திக் காட்டுனீங்கன்னா, நான் இந்தக் கோயில் படியே மிதிக்கமாட்டேனுங்க," என்றேன்.

ஐயர் தலைகுனிந்து போய்விட்டார். அவர் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர், கொஞ்சம் பின்தங்கி நின்று லீதியாளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அந்த வருஷம் தை மாதத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் பக்கத்தில் அது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்த்ததை, சுட்டதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்தவர் சில சமயம் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை மறுபடியும் மேசைக்கே கொடுத்துவிடுவார். அதை இன்னொருவர் எடுப்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரே சேவல் நாலு பேரிடம் போய்வந்து, கடைசியில் கொண்டுவந்தவர் வீட்டுக்கே குழம்பாகப் போனதும் உண்டு.

எங்கள் வேலியில் ஒரு பூசணிக்கொடி படர்ந்து ஒரே ஒரு காய் காய்த்திருந்தது. வேறு கொடுக்க ஒன்றுமில்லை. பழைய சேலைத் துணியைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக் காயைச் சுமந்துகொண்டு போனேன். மேசையில் காய் உருளாமல் இருக்க அந்தச் சும்மாட்டின் மேலேயே வைத்தேன். பிறகு கடைசி வரிசையில் வீட்டுக்காரர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டேன். லீதியாளுக்குக் காய்ச்சல், மடியில் சுருண்டு கிடந்தாள்.

ஏலம் கூறியவர் பாக்கியநாதன் அண்ணன். வாரநாளில் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர், தொண்டை அப்படி. தேங்காய், வாழைத்தார், முட்டை எல்லாம் சட்டுச்சட்டென்று போயின. என் பூசணிக்காயின் முறை வந்ததும் ஏலம் அதிலேயே நின்றுவிட்டது. ஒருவர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியார் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் பட்டறை முதலாளி, நெற்றியில் நாமத்தோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவரும் கேட்டார். இவர் எதற்கு இங்கே வந்தார் என்று நினைத்தேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ காய் மேசைக்குத் திரும்பியது. அவர்கள் கூறிய தொகையில் நான் ஒரு மாதம் அடுப்பு எரிப்பேன்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. பிள்ளையை வீட்டுக்காரர் தோளில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லீங்களா? ஒரு பூசணிக்காயை வெச்சுட்டு இத்தனை நேரமாக் கூத்தடிக்கறீங்க! இங்கொருத்தி புள்ளையைச் சாகக் குடுக்க மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறா!"

நான் நேராகப் போய் மேசையிலிருந்த காயை இரண்டு கையாலும் தூக்கினேன். "இது என்ற வேலியில காச்சது. நானே கொண்டுபோறேன்."

பாக்கியநாதன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அம்மணி, மேசைக்கு வந்துட்டா அது ஆண்டவரோட காயிங்க. எடுத்துட்டுப் போகோணும்னா ஏலத்துலதான் எடுக்கோணும்," என்றார்.

பஸ்ஸுக்கு என்று முந்தானையில் முடிந்திருந்த நாலணாவை அவிழ்த்து மேசையில் வீசினேன். "இந்தாங்க, நாலணா!"

அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அதுவரை போட்டி போட்டவர்களில் ஒருவர் வாய் திறக்கவில்லை. முதலாளி கீழே குனிந்துகொண்டார். "நாலணா ஒருதரம். நாலணா ரெண்டுதரம்." மண்டி முழுக்கக் கேட்கிற குரல் அன்றைக்குக் கம்மிப்போயிருந்தது. "மூணுதரம். அம்மணிக்குங்க."

வெட்கப்பட்டுத்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளே ஒரு திருப்திகூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரர், "நீ முன்னால போ, புள்ளை தூங்குது, நான் பின்னால வாரேன்," என்றார். பஸ்ஸுக்குக் காசு இல்லை. சும்மாடு மேசையிலேயே தங்கிவிட்டது, திரும்பிப்போய் எடுக்க ரோஷம் விடவில்லை. வெறுந்தலையில் காயை வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். வீடு வரும்போது உச்சந்தலை கன்றிப்போயிருந்தது.

சாயங்காலம்தான் அவர் பிள்ளையோடு வந்தார். காயை அரிந்து குழம்பு வைத்திருந்தேன். லீதியாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கும் என் மேல் கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கேட்கக்கூடத் தெம்பு இல்லை.

பத்து நாள் கழித்து ஐயரம்மா வந்தார். ஆஸ்பத்திரிக் கடிதமும் ரயில் டிக்கெட்டும் கையில் இருந்தன. "செலவுக்கு ஏற்பாடு ஆயிருச்சுங்க. யாரு என்னன்னு கேக்காதீங்க. புள்ளையைக் கூட்டிட்டுக் கெளம்புங்க," என்றார். வேறு சமயமாக இருந்தால் நான் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் உடம்பு மிகவும் ஓய்ந்துபோனால் ரோஷமும் ஓய்ந்துபோகிறது. எங்கோ ஒரு மிஷன் பணம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

ஆபரேஷன் அன்று காலையில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஜெபம் வரவில்லை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்குத்தான் பேசினார்.

"அந்தக் காய் நம்ம புள்ளைக்குத்தான் ஓடுச்சு," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பேரு சொல்லி வசூல் பண்ணுனா நீ வேண்டாம்னுருவேன்னு ஏலத்துல உடலாம்னு பேசி வெச்சிருந்தாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்லைன்னு ஐயரம்மாதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தாங்க. எனக்குத் தெரியும், எங்க மொதலாளிக்குத் தெரியும். பந்தல்ல உனக்கு மட்டுந்தான் தெரியாது."

நான் காயைத் தூக்கிக்கொண்டு வந்தது கண்முன்னால் வந்தது. அந்த நாலணாவை வீசியது வந்தது. "அப்புறம் பணம் எப்படிங்க?" என்றேன்.

"நீ வந்துபோட்டே. ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலை. பாக்கியநாதன் அண்ணன் மேசையையே பாத்துட்டு நின்னாரு. உன்ற சும்மாடு மட்டும் கெடந்துது. அதை எடுத்துத் தூக்கிப் புடிச்சாரு. 'பழைய சும்மாடு ஒண்ணு, என்னங்க கேக்கறீங்க?'ன்னாரு. பொழுது சாயற வரைக்கும் அதைத்தான் ஏலம் உட்டாங்க. காய்க்குக் கேட்டதை உடச் சும்மாட்டுக்குத்தான் அதிகம். மொதலாளி மூணு தடவை எடுத்து மூணு தடவையும் திருப்பிக் குடுத்தாரு."

அந்த வராந்தாவில் நான் அழுத அழுகையை இன்னும் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். கை நீட்ட வைக்காதே என்று கேட்டவளை, ஆண்டவர் ஏலத்தில் காய் எடுத்தவளாகவே வெளியே அனுப்பியிருக்கிறார். என் வாய்க்கு யாராக இருந்தாலும் அன்றைக்கே கைவிட்டிருப்பார்கள். அவர் கைவிடவில்லை. அவருடைய ஜனங்களும் கைவிடவில்லை. அவர் ஜனமே அல்லாத நாமக்கார மனிதரும் கைவிடவில்லை.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, "கட்டிவிட்டோம், பிள்ளை நன்றாக இருக்கிறாள்," என்றார். பங்குனியில் ஊர் திரும்பினோம். லீதியாள் மூன்று படியையும் ஏறி, திரும்பி இறங்கி, மறுபடியும் ஏறினாள். போதும் என்று நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் ஐயரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். என் சும்மாட்டுத் துணியைத் துவைத்து மடித்து எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு மறந்து உட்டுட்டுப் போயிட்டீங்க, அம்மணி," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் இன்றுவரை எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஏலம் நடந்திருக்கிறது. போன வருஷம் கிணத்துக்கடவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். மகனுக்கு முதுகெலும்பில் நோய். அவன் தாய் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தேங்காய்க்கு நான் கேட்ட விலையைக் கேட்டு என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். நான் தேங்காயை எடுத்தேன், திருப்பிக் கொடுத்தேன், மறுபடியும் கேட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஜெபிக்கவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை, நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இருக்கிற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாய்ந்துகொள்ளுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். தெம்பிருக்கிறவர்கள் பண்டிகைக்கு வாருங்கள். இந்த வருஷமும் எங்கள் வேலியில் ஒரு காய் பெருத்திருக்கிறது. லீதியாளுக்கு இப்போது பதினான்கு வயது. அதே துணியைச் சும்மாடு சுற்றி, அவள்தான் தலையில் வைத்துக் கொண்டுவருவாள். யாருக்கு என்று கேட்காமல் கையைத் தூக்குங்கள்.